‘மற்றும் பலர்’ என்பது நாங்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 8 அன்று எங்கள் பகுதியில் நடந்த மகளிர் தின விழாவைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் அன்றைக்கு 6 பேர் பத்திரிகை வாங்கினார்கள். அதில் 2 பேர் தேர்தல் முடிவு வரும் நாளில்கூட பத்திரிகை வாங்காதவர்கள்.

படத்துக்குக் கீழே பரிசு வழங்கியவரின் பெயர் இருந்தது. அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நின்றவர்களின் பெயர்கள், பதவிகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் ‘மற்றும் பலர் கலந்துகொண்டனர்’ என்று முடித்திருந்தீர்கள். படத்தில் இருப்பவர்கள் 18 பேர். 3 பேருக்குப் பெயர் இருக்கிறது. மிச்சம் 15 பேர் நாங்கள்.

அதே வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், சேமிப்பதற்கும் கடன் வாங்கித் தொழில் செய்வதற்கும் தொடங்கிய மகளிர் குழுக்கள் கோலப்போட்டி, இசை நாற்காலி என்று நேரத்தைப் போக்கலாமா என்று கேட்டிருந்தார். அவர் கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை, அக்கறையில்தான் கேட்டிருக்கிறார். நானும் அக்கறையோடுதான் பதில் எழுதுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 2004-ஆம் ஆண்டிலிருந்து குழு ஊக்குநராக, அதாவது குழுவை நடத்திச் செல்பவளாக, இருக்கிறேன். எங்கள் தீர்மானப் புத்தகங்களில் பாதிக்கு மேல் என் கையெழுத்துதான்.

குழு ஆரம்பித்தபோது ஊக்குநர், பிரதிநிதிகள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்கள் தொடங்கியதையும், 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்ததையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு நல்ல குழுவுக்கு ஐந்து அடையாளம் சொல்வார்கள். கூட்டம் தவறாமல் நடக்க வேண்டும், சேமிப்பு தவறக் கூடாது, அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே உள்கடன் கொடுக்க வேண்டும், வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்ட வேண்டும், கணக்குப் புத்தகங்களை அன்றன்றைக்கு எழுத வேண்டும். பஞ்சசூத்திரம் என்று பெயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இந்த ஐந்தில் விழா இல்லைதான். ஆனால் இந்த ஐந்தையும் சரியாகச் செய்துவிட்டு, வங்கிக் கடன் அடைந்ததும் கலைந்துபோன குழுக்கள் எங்கள் ஊராட்சியிலேயே உண்டு. அவர்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறை கிடையாது. லோன் முடிந்தது, கூடுவதற்கு வேறு காரணம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் குழு இன்னும் நிற்பதற்குக் காரணம் கேட்டால் நான் முதலில் எங்கள் இரண்டு அண்டாக்களைத்தான் காட்டுவேன்.

சேமிப்பைத் தவிர, ஆளுக்கு மாதம் 10 ரூபாய் விழா நிதி போடுகிறோம். 15 பேருக்கு மாதம் 150, வருடத்துக்கு 1,800 ரூபாய். இதற்குத் தனி நோட்டு, தனிக் கணக்கு. குழுச் சேமிப்பில் கை வைப்பதில்லை. ஆரம்பத்தில் பொங்கலுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்தோம். பிறகு 2013-ல் விழா நிதியிலிருந்து இரண்டு அலுமினிய அண்டாவும் நீளக் காம்பு வைத்த இரண்டு கரண்டியும் வாங்கினோம். பழைய அண்டாதான். ஒன்றில் அடியில் ஒட்டுப் போட்டிருக்கும். கணக்குப் பார்க்க வந்த ஒருவர், “இதெல்லாம் உங்களுக்குத் தேவையாம்மா?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் ஊருக்கு வரும் பாதை முழுக்கத் தென்னை மரம். மின்கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. கரண்ட் இல்லாததால் தண்ணீரும் வரவில்லை. ஓடு பறந்த வீட்டில் அடுப்பு எங்கே பற்றவைப்பது? அன்று காலை 9 மணிக்கு யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவுமில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது எங்கள் குழுவில் 7 பேர் அங்கே இருந்தார்கள். இரண்டு அண்டாவும் வந்துவிட்டிருந்தன. பொங்கல் விழாவில் அடுப்புக் கூட்டுவது எப்போதும் யாரோ, அவரே கல்லை வைத்துக்கொண்டிருந்தார். அரிசி அளப்பவர் அரிசி அளந்தார். பத்துப் பேருக்கு ஒரு கிலோ என்பது எங்களுக்கு மனப்பாடம். விழுந்த மரத்து மட்டையே விறகு. ஈர மட்டை, புகை கண்ணைத் திறக்க விடவில்லை.

9 நாள் அந்த அண்டாக்களில் சமைத்தோம். முதல் நாள் கஞ்சி மட்டும்தான். மூன்றாம் நாளிலிருந்து சாம்பார் வைத்தோம். சில நாள் 200 பேர் வரை சாப்பிட்டார்கள். நிவாரணம் வந்து சேர்ந்தபோது வரிசையை ஒழுங்குபடுத்தியதும், நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எங்கள் ஆட்கள்தான். இதற்கெல்லாம் எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. வருடா வருடம் பொங்கல் வைத்த பழக்கம்தான் கைகொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் உண்மையை மறைத்த மாதிரி ஆகிவிடும். முதல் வருடப் பொங்கலில் பானைக்குள் யார் அரிசி போடுவது என்று முணுமுணுப்பு வந்தது. எங்கள் குழுவில் காலனித் தெருவிலிருந்து 4 பேர் இருக்கிறார்கள். அன்று இரண்டு பேர் ‘வீட்டில் விரதம்’ என்று சொல்லிச் சாப்பிடாமல் போனார்கள். அடுத்த வருடம் ஒருவர்தான் போனார். அதற்கடுத்த வருடம் யாரும் போகவில்லை. புயலுக்குப் பிந்திய அந்த 9 நாளில் யார் கை எந்த அண்டாவில் பட்டது என்று யாரும் கேட்கவே இல்லை. பசியால் கேட்கவில்லை என்று சிலர் சொல்லலாம். அதற்கு முன்பே பல பொங்கல் சேர்ந்து சாப்பிட்டிருந்தோம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோலப்போட்டியைப் பற்றியும் அந்த வாசகர் கேட்டிருந்தார். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், புள்ளி வைத்தாளென்றால் தப்பவே தப்பாது. எட்டு வருடமாக முதல் பரிசு அவளுக்குத்தான். ஒரு வருடம் போட்டிக்கு அவள் வரவில்லை. அதற்கு முன்பே இரண்டு மூன்று கூட்டங்களுக்கு வராமல்தான் இருந்தாள். சந்தாப் பணத்தை மட்டும் மகனிடம் கொடுத்தனுப்பினாள். பணம்தான் வந்துவிடுகிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஊக்குநராக இருந்த நானும் விட்டுவிட்டேன், அது என் தப்பு. ஆனால் கோலத்துக்கு வரவில்லை என்றதும் எல்லோருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது. நாலு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. “அக்காதான்மா வந்திருக்கோம்” என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் திறந்தாள்.

வெளியே வேறு வேறு இடத்தில் மூன்று கடன் வாங்கியிருந்தாள். வாரத் தவணை ஒன்று, மாதத் தவணை இரண்டு. வசூலுக்கு வருபவர்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள் என்று பயந்து, விடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறாள். மாவுப் பொடிக் கிண்ணம் அடுப்பு மேடையில் நிறைந்தபடி இருந்தது. போட்டிக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள், வாசலைத் தாண்டத் தைரியம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் உள்கடன் கொடுத்து வாரத் தவணைக் கடனை அடைத்தோம். மற்ற இரண்டும் முடிய ஒன்றரை வருடம் ஆனது. இப்போது அவள்தான் எங்கள் இரண்டாவது பிரதிநிதி. கோலப்போட்டி அன்று இல்லாமல் போயிருந்தால் அந்தக் கதவை நாங்கள் எப்போது தட்டியிருப்போம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

மகளிர் தினம் என்றால் என்னவென்று தெரியாமலேதான் முதலில் கொண்டாடினோம். பிறகு ஒரு பயிற்சியில் சொன்னார்கள்: 1910-ல் கோபன்ஹேகனில் நடந்த மாநாட்டில் கிளாரா ஜெட்கின் இப்படி ஒரு நாள் வேண்டும் என்று கேட்டது, 1917-ல் ரஷ்யாவில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியது, அந்தத் தேதி மார்ச் 8 என்பது எல்லாம். திரும்பி வந்து கூட்டத்தில் இதைச் சொன்னேன். எங்கள் அப்பத்தா ஒருவர், குழுவிலேயே மூத்தவர், “அப்ப சோத்துக்காகக் கெளம்புன நாளா இது? அதைச் சொல்லாம பூவைக் குடுத்து அனுப்பிவிடுறாக” என்றார்.

பூ என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. விழாவில் வாசலில் தட்டு வைத்து, வருகிறவர்களுக்குச் சந்தனம், குங்குமம், பூ கொடுப்பது வழக்கம். எங்கள் குழுவில் கணவரை இழந்தவர்கள் அப்போது 4 பேர். அதில் ஒரு பெண்ணுக்கு வயது 29 தான் இருக்கும். ரோடு விபத்தில் புருஷன் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பூத்தட்டு வரும் நேரம் பார்த்து அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் எதுவும் சொன்னதில்லை.

2012 பிப்ரவரியில் அதை ஒரு கூட்டத்தில் எடுத்தோம். ஒரே கூட்டத்தில் முடியவில்லை, மூன்று கூட்டம் ஆனது. ஒருவர், கொடுப்பது சரிதான், ஆனால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மாமியார் என்ன சொல்வார் என்றார். இன்னொருவர், கட்டாயப்படுத்தினால் அதுவும் ஒரு கொடுமைதானே என்றார். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: ‘இனி நமது குழு விழாக்களில் பூ எல்லோருக்கும் கொடுக்கப்படும். வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் அவரவர் விருப்பம். யாரும் கேட்கக் கூடாது.’ எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விழா அன்று தட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தவர் அப்பத்தா. அவர் புருஷன் இறந்து 20 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பூவை எடுத்தார், கொஞ்ச நேரம் விரலில் வைத்துப் பார்த்தார், அப்புறம் பக்கத்தில் இருந்தவளிடம் பின்னைக் கேட்டு வாங்கிக் கொண்டையில் குத்திக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சின்னப் பெண் அன்று எழுந்து போகவில்லை. பூவை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். கூட்டம் முடியும்போது பார்த்தேன், உள்ளங்கையில் வாடி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் வாங்கிப் பைக்குள் வைத்தாள். 2014-ல் தலையில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் வெளியிட்ட படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் அவள்தான். பூ நன்றாகத் தெரிகிறது. அந்தப் படத்தைக் கத்தரித்துத் தீர்மானப் புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறோம். படத்துக்குக் கீழே இருந்த வரிகளையும் சேர்த்து ஒட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி வேண்டாம் என்றாள். கடைசியில் ஒட்டவில்லை.

விழாவெல்லாம் வீண் என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. 15 வயதில் இருந்தே கேட்டு வருகிறேன். 1992-ல் எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் உச்சத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதற்கு முன்னின்றார்கள். நான் வறண்ட கண்மாய்க்குள் நிலா வெளிச்சத்தில் கற்றுக்கொண்டேன். ஆம்பளை சைக்கிள்தான், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிக்கு மேலே கால் போட வேண்டும். முழங்கால் இரண்டிலும் தழும்பு இன்னும் இருக்கிறது. பாட்டும் கூத்துமாக இருக்கும். போட்டி வைப்பார்கள். அந்த வருட மகளிர் தினத்தையொட்டி புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ‘பொம்பளைங்க சைக்கிள் விட்டு என்ன ஆகப்போகுது’ என்று கரையில் நின்று பேசியவர்கள் உண்டு. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தோம். கல்குவாரி வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போனோம். நான் பயிற்சிக்கும் வங்கிக்கும் இத்தனை வருடம் போய்வந்தது சைக்கிளில்தான். ஊர்வலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக விட்டுப் பழகியதால்தான் தனியாகப் போகும் தைரியம் வந்தது. இது என் சொந்த அனுபவம்.

விழாக்களில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் விழா வேறு, எங்களைக் கூட்டத்துக்காகக் கூப்பிடும் விழா வேறு. காலை 9 மணிக்கு வரச் சொல்வார்கள். ஒரே நிறத்தில் சேலை கட்டி வரச் சொல்வார்கள். விருந்தினர் வர மதியம் ஆகும். அன்றைய நூறு நாள் வேலைச் சம்பளமும் போய்விடும். பேச 5 நிமிடம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். அந்த வாசகர் இப்படிப்பட்ட விழாவை மனதில் வைத்து எழுதியிருந்தால் நானும் அவரோடுதான் நிற்பேன். ஆனால் நாங்களே 10 ரூபாய் போட்டு, நாங்களே அடுப்பு மூட்டி, சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வட்டமாக நின்று கும்மி அடிக்கும் விழாவை அதோடு சேர்த்துவிடக் கூடாது. கும்மியில் எங்கள் அப்பத்தா பாட்டெடுக்க, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் மருமகள்கூட ஒற்றைக் கையால் தொடையில் தட்டித் தாளம் போடுவாள். வட்டத்தில் முன்வரிசை பின்வரிசை கிடையாது. கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்று இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அடுத்தடுத்து நிற்க வேண்டி வந்து, குனிந்து நிமிர்ந்து, மூன்றாவது சுற்றில் பேசிவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மகளிர் குழு விழாச் செய்தி போடும்போது, பெரிய விழாவோ சின்ன விழாவோ, அந்தக் குழுவில் உள்ளவர்களின் பெயர்களையும் போடுங்கள். இடம் பற்றாது என்றால் விருந்தினரின் பேச்சில் நாலு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் குழுக்களில் ஒன்றுக்கு 12 பேர், மிஞ்சிப்போனால் 20 பேர்தான். மூன்று வரியில் அடங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் தவிர அச்சில் தன் பெயரைப் பார்க்காத பெண்கள் எங்களில் நிறையப் பேர்.

இந்தக் கடிதத்தில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. கடன், குடும்பம், இழப்பு எல்லாம் இதில் வருகிறது. கூட்டத்தில் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் அனுப்புகிறேன். விழாச் செய்தி என்றால் அது வேறு. வருகிற பொங்கலுக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். பொங்கல் வைப்பது மாலை 4 மணிக்கு, கும்மி 6 மணிக்கு மேல். பெயர்ப் பட்டியலை நானே எழுதிக் கையில் கொடுக்கிறேன், இனிஷியலோடு, பிழையில்லாமல்.

அப்பத்தாவின் பெயரை மட்டும் கொஞ்சம் கவனித்துப் போடச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருக்கிறது. அறிவொளி வகுப்பில் ராந்தல் வெளிச்சத்தில் கற்றுக்கொண்டு, இத்தனை வருடமாகத் தீர்மானப் புத்தகத்தில் அவர் கையெழுத்துப் போடும் எழுத்து ஒன்று இருக்கிறது. அதன்படியே போட்டால் போதும்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.